முன்னேற்ற அறிக்கையில் என்ன எழுதுவது? பட்டப்பின்படிப்பு மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

அரையாண்டு முடியப்போகிறது என்றால் எங்களுக்கு வரும் கடிதங்களின் தொனியே மாறிவிடும். வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்பப் பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. பேராதனையிலோ கொழும்பிலோ பதிந்துகொண்டு, ஆய்வுக்களத்தை மட்டும் வன்னியில் வைத்திருப்பவர்களும் உண்டு. இவர்கள் எல்லாரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் முன்னேற்ற அறிக்கை, பெறுபேறு, மேற்பார்வையாளரின் கையொப்பம் என்று ஓடித்திரிகிறார்கள். ஒழுங்குவிதிகள் பீடத்துக்குப் பீடம் வேறுபடும். ஆகவே கீழே சொல்லியிருப்பவற்றை உங்கள் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

பகுதிநேர முதுதத்துவமாணி (எம்.ஃபில்) மாணவன் நான். பதிந்து ஆறு மாதம் ஆகிறது. என் ஆய்வு சிறு குளங்களின் புனரமைப்பும் கமக்காரர் அமைப்புகளும் பற்றியது. முதலாவது முன்னேற்ற அறிக்கை கேட்கிறார்கள். இன்னும் தரவு எதுவும் கையில் இல்லை. வாசித்ததைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. என்னத்தை எழுதுவது?
*மாங்குளம்*

முதலாவது அறிக்கையில் ஆய்வு முடிவுகளை எவரும் எதிர்பார்ப்பதில்லை. என்ன செய்வதாகச் சொன்னீர்கள், அதில் எது நடந்தது, நடக்காததற்குக் காரணம் என்ன, அடுத்த ஆறு மாதத்தில் எதை எப்போது முடிப்பீர்கள் என்பதைத்தான் தேடுவார்கள். ஆகவே அறிக்கையை எழுத உட்காரும்போது முதலில் திறக்கவேண்டியது உங்கள் ஆய்வு முன்மொழிவைத்தான். அதில் வேலைத்திட்ட அட்டவணை ஒன்று கொடுத்திருப்பீர்கள். அதன் முதல் ஆறு மாத வரிகளை அப்படியே எடுத்து, பக்கத்தில் 'நடந்தது', 'எஞ்சியது', 'காரணம்', 'புதிய திகதி' என்று நான்கு நிரல்களைப் போடுங்கள். அறிக்கையின் முதுகெலும்பு அந்த ஒரு பக்க அட்டவணைதான். மற்ற எழுத்தெல்லாம் அதற்கு விளக்கம்.

பெரும்பாலானோர் சறுக்கும் இடம் இதுதான். "இலக்கிய மீளாய்வு நடைபெற்றுக்கொண்டிருக்கிறது, தரவு சேகரிப்பு விரைவில் தொடங்கும்" என்று எழுதுவார்கள். இந்த வாக்கியத்தை எந்த மாணவரும் எந்த வருடமும் எழுதலாம். "60 வீதம் முடிந்தது" என்பதும் அப்படியே. எதில் 60 வீதம் என்று கேட்டால் எழுதியவருக்கே தெரியாது. இதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்:

"குளப் புனரமைப்பு, கமக்காரர் அமைப்பு ஆகிய இரு தலைப்புகளில் 46 கட்டுரைகளை வாசித்து, 31 கட்டுரைகளை மீளாய்வில் சேர்த்துள்ளேன். இரண்டாம் அத்தியாயத்தின் முதல் வரைவு (5,200 சொற்கள்) மார்ச் 3 அன்று மேற்பார்வையாளருக்குக் கொடுக்கப்பட்டது. புனரமைப்புக்குப் பின்னான பராமரிப்பைப் பற்றிய எழுத்து மிகக் குறைவு என்று கண்டேன். அதனால் வினாக்கொத்தில் பராமரிப்புக்கென ஒரு பகுதி சேர்க்கப்பட்டுள்ளது."

எண்கள் உங்களுடையவையாக இருக்கட்டும். கடைசி வரியைக் கவனியுங்கள். வாசிப்பு ஆய்வின் வடிவத்தை எப்படி மாற்றியது என்று அது சொல்கிறது. ஆறு மாத வாசிப்பு வீண்போகவில்லை என்று காட்டுவது அந்த வரிதான்.

உங்கள் தலைப்புக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. 80 ஹெக்டேயர், அதாவது 200 ஏக்கர் வரை பாய்ச்சும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். அதற்கு மேற்பட்டவற்றுக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குப் போகவேண்டும். எல்லாக் குளத்தின் விபரத்தையும் ஒரே அலுவலகத்தில் கேட்டு, மாதக்கணக்காகக் காத்திருந்து, கடைசியில் "இது எங்களிடம் இல்லை" என்ற பதிலோடு திரும்பியவர்கள் பலர். எந்தக் குளம் எந்தத் திணைக்களத்தின் கீழ் என்று முதலில் பட்டியலிடுங்கள். அனுமதிக் கடிதங்களைப் பல்கலைக்கழகத்தின் ஊடாக அனுப்புங்கள். கடிதம் அனுப்பிய திகதியை அறிக்கையில் குறிப்பிடுங்கள், பிரதியைப் பின்னிணைப்பில் வையுங்கள். பதில் வராத தாமதம் உங்கள் தாமதம் அல்ல என்று நிறுவ அந்தத் திகதி போதும்.

கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் கீழ் உள்ள வயலில் காலபோக நெற்பரிசோதனை செய்தேன். நான்கு பசளைப் பரிகரிப்புகள் (ஒப்பிட்டுப் பார்க்கும் பசளை முறைகள்), நான்கு தொகுதிகள் (ஒவ்வொரு பரிகரிப்பும் ஒருமுறை வரும் பாத்திக் கூட்டங்கள்), மொத்தம் 16 பாத்திகள். மழை கூடி, பள்ளத்தில் இருந்த ஒரு தொகுதி முழுவதும் பல நாள் நீரில் மூழ்கி அழிந்துபோனது. அரையாண்டு முன்வைப்புக்கு இன்னும் மூன்று கிழமைதான். அந்த நான்கு பாத்திகளுக்கும் மற்றவற்றின் சராசரியைப் போட்டு நிரப்பலாம் என்று நண்பர் சொல்கிறார். சரியா?
*அறிவியல் நகர்*

இல்லை. நண்பர் சொல்வதைச் செய்யவேண்டாம். சராசரியைப் போட்டு நிரப்பினால் தரவு உண்மையில் இருப்பதைவிடச் சீரானதாகத் தெரியும். வழு, அதாவது பரிகரிப்பால் வராத ஏற்ற இறக்கம், குறைந்ததுபோல் காட்டும். இல்லாத வேறுபாடு இருப்பதாக முடிவு வரும். முன்வைப்பில் ஒருவர் மூலத்தரவுப் பதிவேட்டைக் கேட்டுவிட்டால், பிறகு முழு ஆய்வும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

எழுமாற்றுத் தொகுதி வடிவமைப்பில் முழுத் தொகுதியே போனால் வழி நேரானது. மிஞ்சிய மூன்று தொகுதிகளோடு பகுப்பாய்வு செய்யலாம். ஒவ்வொரு தொகுதியிலும் நான்கு பரிகரிப்புகளும் இருப்பதால் சமநிலை கெடாது. இழப்பு இருப்பது வழுவின் சுயாதீனப் பாகையில், அதாவது வழுவை மதிப்பிட மிஞ்சும் சுயாதீனமான தகவல்களின் எண்ணிக்கையில். நான்கு தொகுதியில் (4−1)×(4−1) = 9 ஆக இருந்தது, மூன்று தொகுதியில் 3×2 = 6 ஆகிறது. பரிகரிப்புகளுக்கிடையே வேறுபாடு உண்டு என்று 5 வீத மட்டத்தில் சொல்ல, பகுப்பாய்வில் வரும் எஃப் பெறுமானம் முன்பு 3.86ஐத் தாண்டினால் போதும். இப்போது 4.76ஐத் தாண்டவேண்டும். சிறிய வேறுபாடுகள் பிடிபடாமல் போகக்கூடும் என்பதுதான் இதன் பொருள். இதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். "ஒரு தொகுதி இழக்கப்பட்டதால் பரிசோதனையின் நுட்பம் குறைந்துள்ளது, வழுவின் சுயாதீனப் பாகை 6" என்ற ஒரு வரி, மதிப்பிடும் குழு கேட்கவிருக்கும் முதலாவது கேள்விக்குப் பதிலாகிவிடும்.

தொகுதி முழுவதும் போகாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பாத்திகள் போயிருந்தால் கணக்கு வேறு. அப்போது விடுபட்ட பாத்திக்கான மதிப்பீட்டு முறையையோ கலப்பு மாதிரியையோ பயன்படுத்தவேண்டும். மதிப்பிட்ட ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு சுயாதீனப் பாகையைக் கழிக்கவேண்டும்.

அதைவிட முக்கியமான ஒன்று. உங்களுடையது பசளைப் பரிசோதனை, வெள்ளம் பள்ளத்தில் இருந்த தொகுதியைத்தான் தாக்கியது. ஆகவே இழப்புக்கும் பரிகரிப்புக்கும் தொடர்பில்லை. ஆனால் பரிகரிப்புகள் நெல்லினங்களாக இருந்து, உயரம் குறைந்த இனம் மட்டும் மூழ்கிச் செத்து, உயர்ந்த இனம் தப்பியிருந்தால் அது விடுபட்ட தரவு அல்ல. அது ஆய்வின் முடிவு. அதைத் தூக்கி எறியக்கூடாது. நீர் தேங்கும் வயல் நிறைந்த எங்கள் பகுதிக்கு அந்தத் தகவல் விளைச்சல் எண்ணைவிடப் பெறுமதியானது.

அறிக்கையில் சேர்க்கவேண்டிய ஆதாரங்கள்: நீர் ஏறிய திகதி, வடிந்த திகதி, அளவுகோல் நட்டு எடுத்த நீர்மட்டம், அப்போது பயிர் மட்டம் வெடிக்கும் (பக்கக் கிளை விடும்) பருவமா, கதிர் வெளிவருமுன்னான குடலைப் பருவமா என்பது, பாத்தி இலக்கம் தெரியும் படங்கள், அருகிலுள்ள அளவீட்டு நிலையத்தின் மழைவீழ்ச்சிப் பதிவு. இவற்றில் எது இல்லையோ அதை இல்லை என்றே விடுங்கள்.

அறுவடை எடுத்தவர்கள் இன்னொன்றையும் சரிபாருங்கள். மாசி மாத அறுவடையில் நெல்லின் ஈரப்பதன் பாத்திக்குப் பாத்தி வேறாக இருக்கும். விளைச்சலை 14 வீத ஈரப்பதனுக்கு மாற்றாமல் ஒப்பிட்டால், நிறுப்பது நெல்லையா தண்ணீரையா என்று தெரியாது. நிறுத்த எடையை (100 − ஈரப்பதன்) ஆல் பெருக்கி 86 ஆல் வகுக்கவேண்டும். 10 சதுர மீற்றரில் 20 வீத ஈரப்பதனோடு 5.2 கிலோ வந்தால், 5.2 × 80 ÷ 86 = 4.84 கிலோ. 10 சதுர மீற்றருக்கு 1 கிலோ என்பது ஹெக்டேயருக்கு 1 தொன். ஆகவே 4.84 தொன். திருத்தாமல் 5.2 என்று எழுதினால் ஹெக்டேயருக்கு 360 கிலோ வெறும் ஈரம். பசளையால் வந்ததாக நீங்கள் காட்ட நினைக்கும் வேறுபாடே சிலவேளை அவ்வளவுதான் இருக்கும்.

பரிசோதனையைத் திரும்பச் செய்வது பற்றி: சிறுபோகத்தில் செய்துவிடலாம் என்று உடனே எழுதிக்கொடுக்காதீர்கள். சிறுபோகத்துக்கு எவ்வளவு காணிக்கு நீர் என்பது குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்து, பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படும். உங்கள் வயல் அந்தப் பங்கில் வருமா என்று முதலில் கேட்டறியுங்கள். கிடைத்தாலும் வெயில், வெப்பம், நோய், பூச்சி எல்லாம் வேறு. அது காலபோகத்தின் நான்காம் தொகுதி ஆகாது, தனியான இன்னொரு பருவப் பரிசோதனை. காலபோகத்தையே திரும்பச் செய்வதென்றால் விதைப்பு அடுத்த ஐப்பசியில்தான். அதற்கேற்ப நீடிப்பு வேண்டுமா என்பதை இந்த அறிக்கையிலேயே எழுப்புங்கள். கடைசி வருடத்தில் கேட்பதைவிட இப்போது கேட்பது எவ்வளவோ இலகு.

முதலாம் செமஸ்டரில் நாலு பாடம். ஏ மைனஸ், பி பிளஸ், பி, சி. புள்ளிகளைக் கூட்டி நாலால் வகுத்தால் சரியாக 3.00 வருகிறது. பெறுபேற்றுத் தாளில் 2.97 என்று இருக்கிறது. பிழை அவர்களுடையதா? 3.00 இல்லாவிட்டால் முதுமாணியைத் தொடர முடியாது என்கிறார்கள்.
*வவுனியா*

பெறுபேற்றுத் தாள் சரி. பாடங்களின் கிரெடிட்டை நீங்கள் விட்டுவிட்டீர்கள். நீங்கள் இணைத்திருந்த விபரத்தின்படி ஏ மைனஸ் (3.70) எடுத்தது 3 கிரெடிட் பாடத்தில், பி பிளஸ் (3.30) 2 கிரெடிட், பி (3.00) 2 கிரெடிட், சி (2.00) 3 கிரெடிட். ஒவ்வொன்றையும் பெருக்கினால் 11.10, 6.60, 6.00, 6.00. கூட்டினால் 29.70. மொத்தக் கிரெடிட் 10 ஆல் வகுத்தால் 2.97. குறைந்த தரம் பெரிய பாடத்தில் விழுந்ததுதான் காரணம். இரண்டாம் தசமத்தில் 2.97 என்று இருப்பதை 3.0 என்று எவரும் மட்டந்தட்டித் தரமாட்டார்கள்.

இனி என்ன செய்யலாம்? கையேட்டில் இரண்டு விடயங்களைப் பாருங்கள். 3.00 என்ற எல்லை ஒவ்வொரு அரையாண்டுக்குமா, அல்லது பட்டம் வழங்கும்போது பார்க்கும் மொத்தச் சராசரிக்கா என்பது ஒன்று. மொத்தச் சராசரிக்கென்றால் பயப்பட ஒன்றுமில்லை. அடுத்த அரையாண்டிலும் 10 கிரெடிட் என்று வைத்தால், இருபதுக்கும் 60.00 வேண்டும். 29.70 கையில் இருக்கிறது, மீதி 30.30. அதாவது அடுத்த அரையாண்டில் 3.03 எடுத்தால் ஏறிவிடலாம். மற்றது, சி எடுத்த பாடத்தைத் திரும்ப எழுத அனுமதி உண்டா, அப்படி எழுதிப் பெறும் தரத்துக்கு மேல்வரம்பு உண்டா என்பது. வரம்பு பி ஆக இருந்தாலும்கூட, அந்தப் பாடம் 6.00 இலிருந்து 9.00 ஆகி முதலாம் அரையாண்டு 3.27 ஆகிவிடும். அடுத்த அரையாண்டின் சிறிய பாடம் ஒன்றில் தரத்தை உயர்த்தப் பாடுபடுவதைவிட இந்த ஒரு பெரிய பாடத்தைத் திருத்துவதில் பலன் அதிகம்.

கிரெடிட்டின் எடையை வாசிப்பு நேரத்திலும் பாருங்கள். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி கற்பித்தல் பாடமொன்றில் ஒரு கிரெடிட் என்பது 50 மணிநேரக் கற்றல். 3 கிரெடிட் பாடத்துக்கு 150 மணிநேரம். அதில் விரிவுரை 45 மணிநேரம் என்றால் மீதி 105 மணிநேரமும் நீங்கள் வீட்டில் இருந்து செய்யவேண்டியது. சனி, ஞாயிறு வகுப்புக்கு வந்துபோவதோடு பாடம் முடிந்தது என்று நினைப்பவர்களுக்குத்தான் பெரிய பாடத்தில் சி விழுகிறது.

ஆய்வு நடந்துகொண்டிருக்கையில் தலைப்பைச் சற்று மாற்றி, 'வன்னி மாவட்டங்கள்' என்பதை 'முல்லைத்தீவு மாவட்டம்' ஆக்கிவிட்டேன். அறிக்கையில் புதிய தலைப்பைப் போடலாமா?
*துணுக்காய்*

பதிவில் இருக்கும் தலைப்பைப் போடுங்கள். அதன் கீழ் "முன்மொழியப்படும் தலைப்பு" என்று புதியதை எழுதி, தலைப்பு மாற்ற விண்ணப்பத்தை மேற்பார்வையாளரின் சிபார்சோடு இப்போதே கொடுங்கள். அனுமதி கிடைக்கும்வரை எந்தப் படிவத்திலும் பழைய தலைப்புத்தான். ஆய்வேட்டின் அட்டையில் ஒன்றும் பதிவேட்டில் இன்னொன்றுமாக இருந்தால், சமர்ப்பிக்கும் நாளில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பெண் தலைமைக் குடும்பங்களின் வாழ்வாதாரம் பற்றி ஆய்வு செய்கிறேன். 30 நேர்காணல் திட்டமிட்டேன், 22 முடிந்துவிட்டது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 நிமிடம். எல்லாம் போனில் ஒலிப்பதிவாகக் கிடக்கிறது. ஒன்றுகூட எழுத்தாக்கவில்லை. அறிக்கைக்கு மூன்று கிழமை இருக்கிறது. மீதி எட்டையும் ஓடிப்போய் முடிக்கவா, அல்லது எழுத்தாக்கத் தொடங்கவா?
*புதுக்குடியிருப்பு*

எட்டையும் இப்போதைக்கு விடுங்கள். இன்றைக்கே எழுத்தாக்கத்தில் இறங்குங்கள்.

ஒரு மணிநேர ஒலிப்பதிவைச் சொல்லுக்குச் சொல் எழுத நான்கு முதல் ஆறு மணிநேரம் பிடிக்கும். உங்களிடம் இருப்பது 1,100 நிமிடம், அதாவது 18 மணிநேரத்துக்குச் சற்றுக் கூட. அதை எழுத 73 முதல் 110 மணிநேரம் வேண்டும். மாலையில் இரண்டு மணிநேரம் ஒதுக்கினால் இரண்டு மாதமளவு போகும். மூன்று கிழமையில் எல்லாவற்றையும் முடிக்க முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு, ஐந்து நேர்காணல்களைத் தெரிவுசெய்யுங்கள். நீளமானதையோ இலகுவானதையோ எடுக்காமல், ஒன்றுக்கொன்று மாறுபட்ட ஐந்தை எடுங்கள். கடற்றொழில் சார்ந்தவர், கூலி வேலை செய்பவர், கோழி வளர்ப்பவர், நுண்கடன் எடுத்தவர், எடுக்காதவர் என்று. அவற்றை முழுமையாக எழுத்தாக்கி, குறியீடிட்டு (ஒரே விடயத்தைப் பேசும் பகுதிகளுக்கு ஒரே பெயரிட்டு), முதற்கட்டக் கருப்பொருள்களை எழுதுங்கள். ஐந்து நேர்காணல்களிலிருந்து பிறந்த இரண்டு பக்கப் பகுப்பாய்வு, "30 நேர்காணல்களும் முடிந்தன" என்ற வரியைவிடக் கனமானது.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. எழுதும்போதுதான் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி காதில் விழும். சீட்டுப் பற்றிப் பேச வந்தவரை நீங்களே இடைமறித்துக் கடன் பக்கம் திருப்பியிருப்பீர்கள். மீதி எட்டு நேர்காணலில் அதைத் திருத்தலாம். எல்லாவற்றையும் முடித்துவிட்டு எழுத்தாக்குபவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

போனில் கிடக்கும் ஒலிப்பதிவுகளை இன்றே வேறு இரண்டு இடங்களில் பிரதியெடுங்கள். ஒன்று கடவுச்சொல் இட்ட மடிகணினி, மற்றது வீட்டில் பூட்டி வைக்கும் வன்தட்டு. பிறகு போனிலிருந்து அழித்துவிடுங்கள். கோப்பின் பெயரில் ஆளின் பெயர் வேண்டாம், குறியீட்டு இலக்கமும் திகதியும் போதும். இலக்கத்துக்குரிய பெயர்ப்பட்டியல் தனியாக, தாளில், வேறிடத்தில் இருக்கட்டும். பேச்சை எழுத்தாக்கும் இணையச் சேவைகளில் ஒலிப்பதிவை ஏற்றுமுன், நீங்கள் பெற்ற ஒழுக்கநெறி அனுமதியும் அந்தப் பெண்கள் தந்த சம்மதமும் அதற்கு இடம் தருகிறதா என்று பாருங்கள். இடம் தராவிட்டால் ஏற்றவேண்டாம்.

அறிக்கையைப் பற்றி ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறோம். பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஒரு கிராம அலுவலர் பிரிவில் சில நூறு குடும்பங்கள்தான் இருக்கும். "மூன்று பிள்ளைகளின் தாய், கோழிப்பண்ணை வைத்திருக்கிறார், கணவர் 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டார்" என்று கிராமத்தின் பெயரோடு எழுதினால், அந்த ஊரவர் எவருக்கும் ஆளைத் தெரியும். முன்னேற்ற அறிக்கை பல மேசைகளில் கிடக்கும் ஆவணம். பிரதேச செயலாளர் பிரிவோடு நிறுத்துங்கள். அடையாளம் காட்டும் விபரங்களில் பகுப்பாய்வுக்குத் தேவையான ஒன்றை மட்டும் வையுங்கள். கையொப்பமிட்ட சம்மதப் படிவங்களைப் பின்னிணைப்பில் சேர்க்கவே கூடாது. வெறும் மாதிரிப் படிவம் போதும். ஏற்கனவே எத்தனையோ படிவங்களுக்குத் தங்கள் கதையைச் சொல்லிக் களைத்தவர்கள் அவர்கள். உங்களுக்குத் தந்த வார்த்தையைக் காப்பது உங்கள் பொறுப்பு.

என் மேற்பார்வையாளர் பேராதனையில். அறிக்கையை மூன்று முறை மின்னஞ்சலில் அனுப்பினேன், பதில் இல்லை. கையொப்பம் இல்லாமல் கொடுக்க முடியாது. முடிவுத் திகதி நெருங்குகிறது.
*முல்லைத்தீவு*

"ஐயா, அறிக்கையைப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள்" என்று 14 பக்கத்தை இணைத்து அனுப்பினால், நேரமுள்ளபோது பார்க்கலாம் என்று எவரும் தள்ளிவைப்பார்கள். மின்னஞ்சலின் தலைப்பிலேயே விடயத்தையும் திகதியையும் போடுங்கள்: "முன்னேற்ற அறிக்கை, கையொப்பம் தேவை, 28ஆம் திகதிக்கு முன்". உள்ளே நாலு வரி போதும். இந்த அரையாண்டில் முடித்தவை இரண்டு வரியில். அவர் தீர்மானிக்கவேண்டியவை இலக்கமிட்டு, மூன்றுக்கு மேற்படாமல், ஆம், இல்லை என்று பதில் சொல்லத்தக்கதாக. மேற்பார்வையாளர் நிரப்பவேண்டிய பகுதியைத் தவிர மற்றதெல்லாம் நிரப்பிய படிவத்தை முதலாவது இணைப்பாக வையுங்கள். முழு அறிக்கை இரண்டாவது. இதை முடிவுத் திகதிக்கு இரண்டு கிழமை முந்தி அனுப்புவது மரியாதை.

நாலு வேலைநாளில் பதில் வராவிட்டால் தொலைபேசியில் பேசுங்கள். அவர் விடுமுறையிலோ வெளிநாட்டிலோ இருக்கலாம். இணை மேற்பார்வையாளர் இருந்தால் அவரிடம் கேளுங்கள். அதுவும் சரிவராவிட்டால், முடிவுத் திகதிக்கு முன்பே கற்கை இணைப்பாளருக்கு எழுதுங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். "அறிக்கை தயார். இன்னின்ன திகதிகளில் அனுப்பினேன். கையொப்பம் கிடைத்ததும் சேர்ப்பேன்" என்று சொல்லி, கையொப்பமில்லாப் பிரதியை இணைத்துவிடுங்கள். திகதிக்குள் அனுப்பியதற்கு அது சான்று. அவசரத்துக்கு அவருடைய பழைய கையொப்பத்தின் படத்தை வெட்டி ஒட்டுவது மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது. அது ஒழுக்காற்று விசாரணையில் முடியும்.

அடுத்த அரையாண்டிலிருந்து மாதம் ஒருமுறை அரைமணிநேரம் சூமிலாவது சந்தியுங்கள். சந்தித்த அன்றைக்கே பேசியதை அரைப்பக்கமாக எழுதி அவருக்கு அனுப்புங்கள்: என்ன காட்டினேன், என்ன சொன்னார், அடுத்த மாதத்துக்குள் என்ன. ஆறு மாதத்தில் ஆறு அரைப்பக்கங்கள் சேரும். முன்னேற்ற அறிக்கையின் பெரும்பகுதி அதிலேயே எழுதப்பட்டிருக்கும். வாசித்த பொருளாக இருப்பதால் அவரும் தயங்காமல் கையொப்பமிடுவார்.

தமிழில் எழுதும் ஆய்வேடு. பாமினியில் 80 பக்கம் தட்டச்சு செய்துவிட்டேன். மேற்பார்வையாளரின் கணினியில் ஆங்கில எழுத்துகளாகச் சிதறித் தெரிகிறதாம்.
*மன்னார்*

பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கும் எழுத்துரு. அது இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துத்தான் தெரியும். கருத்துத் திருட்டைச் சோதிக்கும் மென்பொருளுக்கும் அப்படியே. ஆகவே இப்போதே யூனிகோடுக்கு மாறுங்கள், 200 பக்கமான பிறகு இன்னும் கஷ்டம்.

கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து, அத்தியாயம் அத்தியாயமாக, பாமினியை யூனிகோடாக்கும் மாற்றி மென்பொருளில் போடுங்கள். முழுப் பக்கத்தையும் கண்ணை மூடிக்கொண்டு போட்டால், இடையே உண்மையான ஆங்கிலத்தில் இருந்த ஆசிரியர் பெயர்கள், நூற்பெயர்கள், இணைய முகவரிகள் எல்லாம் பொருளற்ற தமிழாக மாறிவிடும். அவற்றை முன்கூட்டியே வேறு நிறத்தில் குறித்து வைத்து, மாற்றிய பின் மூலத்திலிருந்து திரும்ப ஒட்டுங்கள். அட்டவணைகளையும் அடிக்குறிப்புகளையும் தனியே மாற்றவேண்டும். பிறகு கொம்புள்ள எழுத்துகளை, முக்கியமாக ஒகர, ஓகார, ஔகார வரிசையை, ஒருமுறை கண்ணால் பாருங்கள். உசாத்துணைப் பட்டியலை மாற்றியில் போடாமல் புதிதாகவே அமைப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

நான் அரச பாடசாலை ஆசிரியை. அடுத்த மாதம் பிரசவம். பிரசவ விடுமுறை எடுத்துவிட்டேன். அந்தக் கடிதத்தைக் காட்டினால் பல்கலைக்கழகத்திலும் இந்த அரையாண்டுக்கு விலக்குக் கிடைக்குமா?
*ஒட்டுசுட்டான்*

தானாகக் கிடைக்காது. உங்கள் 84 நாள் முழுச்சம்பள விடுமுறை, வேலை தருநர் என்ற முறையில் அரசு தருவது. பல்கலைக்கழகத்தில் நீங்கள் மாணவி. அங்கே அரையாண்டை ஒத்திவைக்கும் விண்ணப்பம் தனி. மருத்துவச் சான்றிதழ், விடுமுறைக் கடிதத்தின் பிரதி, மேற்பார்வையாளரின் சிபார்சு ஆகியவற்றோடு பிரசவத்துக்கு முன்பே, பரீட்சை அட்டவணை வெளியாகுமுன் கொடுத்துவிடுங்கள். பரீட்சைக்குப் போகாமல் விட்டுப் பிறகு கடிதம் கொடுத்தால், அது ஒரு தவணை தவறிய கணக்கில் போய்விடும் அபாயம் உண்டு.

கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. ஒத்திவைத்த காலம் பட்டத்துக்கான உச்சக் கால எல்லையில் சேருமா? அந்தக் காலத்துக்கும் வருடாந்தப் பதிவுக் கட்டணம் கட்டவேண்டுமா? திரும்பி வரும்போது அதே பாடம் அந்த அரையாண்டில் நடக்குமா, அல்லது ஒரு வருடம் காத்திருக்கவேண்டுமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். கவுண்டரில் வாயால் சொன்னது அடுத்த வருடம் அந்த மேசையில் வேறொருவர் இருக்கும்போது செல்லாது. உடல்நிலை இடம் கொடுத்து, ஒரு ஒப்படை மட்டும் மீதியாக இருந்தால், அதை இப்போதே முடித்துக் கொடுத்துவிட்டு எழுத்துப் பரீட்சையை மட்டும் ஒத்திவைக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

முன்வைப்புக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். எத்தனை ஸ்லைட் போடலாம்?
*செட்டிகுளம்*

எட்டு. முதலாவதில் தலைப்பும் நோக்கங்களும். இரண்டாவதில் திட்டமிட்டதும் நடந்ததும் என்ற அட்டவணை. இதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள், குழு பார்க்க வந்தது இதைத்தான். அடுத்த நான்கில் இந்த அரையாண்டு வேலை, ஏழாவதில் தடைகளும் அவற்றுக்கு எடுத்த நடவடிக்கையும், எட்டாவதில் அடுத்த ஆறு மாதத் திட்டம் திகதிகளோடு. பின்னணி விளக்கத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தமிழ் எழுத்து இருந்தால் பிடிஎஃப் ஆகவும் சேமித்து பென் ட்ரைவில் கொண்டுபோங்கள். மின்சாரம் நின்றாலும் பேசத்தக்கதாக இரண்டாம், எட்டாம் ஸ்லைட்டுகளை அச்சிட்டு, குழுவில் எத்தனை பேரோ அத்தனை பிரதி எடுத்துச் செல்லுங்கள்.